எங்கள் டீச்சர் வரைந்த ஓவியம்

மலையகப் பெண் ஓவியர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத, ஹட்டனில் ஒரு நூலகத்தில் நாள் கணக்கில் தேடினேன். கடைசியில் கிடைத்தது பழைய ஓவியக் கண்காட்சித் தொகுப்பு ஒன்றுதான். புரட்டியவள் திடுக்கிட்டேன். பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் பெண்களின் அந்த ஓவியம் எங்கள் சித்திர டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் எங்கள் கண்முன்னே வரைந்தார். கீழே, 'ஓவியர் பெயர் தெரியவில்லை' என்று அச்சிட்டிருந்தார்கள்.

உடனே டீச்சருக்குப் போன் செய்தேன்.

"தெரியலையாமா? கண்காட்சி நடத்தினவங்க வீட்டுக்கு வந்து எங்கிட்டதானே படத்தை வாங்கிட்டுப் போனாங்க!" என்று கத்தினார்.

மறுநாள் வட்டவளையிலிருந்து பஸ் ஏறி நூலகத்துக்கே வந்துவிட்டார். பேனாவைத் திறந்து, படத்தின் கீழே எழுதப் போனவரை நூலகர் கைநீட்டித் தடுத்தார்.

"புத்தகத்துல எழுதக் கூடாதுங்க, டீச்சர்."

"எழுத வேண்டியவங்க எழுதலையே. அதாங்க நான் வந்திருக்கேன்."

நூலகர் கையை எடுத்துக்கொண்டார். டீச்சர் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

நம்மிடையே பெண் ஓவியர்கள் குறைவு என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க வைத்த புத்தகங்கள் மீது ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அவற்றை அப்படியே நம்பிய என் மீதும்தான்.