கோல்கீப்பரிடம் யார் சொல்வது?

போன வருடம், திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம், எங்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. இன்றைக்கும் எங்கள் தலைவர் அதைத் தோல்வி என்று ஒத்துக்கொள்வதில்லை. "சமமாத்தான் ஆடினோம். ஷூட் அவுட்டுல போச்சு" என்பார், ஏதோ பஸ்ஸில் பை திருடுபோனதைச் சொல்வதுபோல.

எங்களுடையது தொழில்முறை அணி. இதுவும் அவர் சொல்வதுதான். பபேடான் பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் அவர் செலவு. "வாங்கிக்கிட்டுத்தானே ஆடுறீங்க? அப்ப நாம புரொபஷனல்தான்" என்று ஒரு முறை சொன்னார். மறுத்துப் பேச எங்களுக்கும் மனம் வரவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் சயா என்று கூப்பிடுவோம். பர்மாவில் வாத்தியார், டாக்டர், முதலாளி எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதும்.

நான் கியாக்டடாவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா. அப்போது வயது நாற்பத்தொன்று. அணியில் பதினெட்டு வருடமாக ரைட் பேக், அதாவது கோலுக்கு முன்னால் வலப்பக்கக் காவல். பர்மியக் கடிதம் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் செயலாளரும் நானே. எனக்குப் பின்னால் அதே பதினெட்டு வருடமாகக் கோலில் நிற்பவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். பபேடானில் சாயங்காலத் தோசைக்கடை அவருடையது. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று நின்று உடம்பு அகலமாகிவிட்டது. கோலுக்கு அது நல்லதுதான் என்று நாங்கள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த அரையிறுதியில் ஆட்ட நேரம் முடியும்போது ஒன்றுக்கு ஒன்று. அவர்கள் போட்ட ஒரே கோல் என் ஸ்டிக்கில் லேசாகப் பட்டு உள்ளே போனது. லேசாகத்தான். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசத் தேவையில்லை. ஷூட் அவுட்தான் முக்கியம். ஒருவன் பந்தோடு தனியாக ஓடிவருவான், கோல்கீப்பர் தனியாக எதிர்கொள்ளவேண்டும், எட்டு நொடிதான். அண்ணன் வீரமாக முன்னால் ஓடினார். இடது கால் பேடின் வார் அறுந்தது. பேடு ஒரு பக்கம் போக, அவர் அதன்மேலேயே மெத்தையில் படுப்பதுபோல் விழுந்தார். எதிரணிப் பையன் மரியாதை தெரிந்தவன். அவர் முழுவதுமாக விழுந்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பந்தைத் தட்டிவிட்டான்.

திங்யான் முடிந்து தெரு காய்ந்ததும் சயா கூட்டம் போட்டார். மழை பிடித்துவிட்டால் ஐந்து மாதம் மைதானம் குளம்தான். அந்தக் காலத்துக்குள் அணிக்கு என்ன தேவை என்று பார்த்துச் சரிசெய்யவேண்டும். டீக்கடையில் இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு உட்கார்ந்தோம். சயா பெயிண்ட் வண்ண அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார்.

"நமக்கு என்ன தேவை? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

கேப்டன் கோச் வேண்டும் என்றார். லெஃப்ட் ஹாஃப் தன் பூட்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தே காட்டினார். பிரியாணியில் முட்டை வேண்டும் என்று ஒருவர் சொல்ல, சயா அதையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். கடைசியாக எங்கள் ஃபார்வர்டிடம் வந்தார். இருபத்துநாலு வயது, போன் ரிப்பேர் கடையில் வேலை. தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிறவன். அவன் ஒரே ஒரு சொல் சொன்னான்.

"கோல்கீப்பர்."

டீயைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை மாவு அரைக்கிற நேரம் என்று அண்ணன் கூட்டத்துக்கு வரவில்லை. யாரும் அவன் சொன்னதை மறுக்கவில்லை. சயா மெதுவாக எழுதினார். பிறகு, "சரி. அவருகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்கதான் சயா, தலைவரு."

"எனக்கு ஆனாடெயா இருக்கே" என்றார் சயா.

ஆனாடெ என்பது பர்மியச் சொல். ஒருவர் மனம் நோகுமே என்று நமக்குள் வருகிற கூச்சம், தயக்கம், பாதி பயம் எல்லாம் சேர்ந்தது. தமிழில் இதற்குச் சரியான சொல் கிடைக்காததால் எங்கள் பேச்சில் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த மேசையில் பன்னிரண்டு பேருக்கும் ஆனாடெயாக இருந்தது. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவருடைய நண்பன், செயலாளர், பதமாகப் பேசுகிறவன். இந்தப் புகழ்ச்சியில் நான் கொஞ்சம் மயங்கியும்போனேன். ஒத்துக்கொண்டு, மாமனார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் முதல் ஆளாக எழுந்து போனேன். அதுதான் நான் செய்த தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அலுவலகம் விட்டு நேராகத் தோசைக்கடைக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அது வழக்கமில்லை. வழக்கமாக நான்தான் துடைத்துக்கொள்வேன்.

"முட்டி எப்படி இருக்குண்ணே?" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு என்ன தம்பி, நல்லாருக்கு. ஒனக்கு முட்டி எப்படி?"

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு."

"பாத்துக்க. வயசாகுது."

இரண்டு தோசை சாப்பிட்டேன். கேட்காமலே ஒரு வடை வந்தது. தேங்காய்ச் சட்னியை அண்ணன் தன் கையால் இரண்டாம் முறை ஊற்றினார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பாவம், என்னைக் குளிர்விக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறு வழியாக முயன்றேன். என் அலுவலகத்தில் ஒருவர் கால்பந்தை விட்டுவிட்டு இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று ஒரு கதை கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு இருக்கிறாராம், எடை குறைந்துவிட்டதாம். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டார்.

"அதான் தம்பி நானும் நினைச்சேன்! ஒரு வயசுக்கு மேல விட்டுடறதுதான் நிம்மதி. கண்ணு கொஞ்சம் மங்கிடும், பந்து எங்க வருதுன்னே தெரியாது. நாமளே ஒதுங்கிட்டா மரியாதை. என்ன சொல்ற?"

"அப்படித்தாண்ணே" என்றேன், நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல். அவரே தயாராகிவிட்டார், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பரிவாகப் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு இரண்டு வடை.

ஆனால் சயா விடவில்லை. "சொல்லியாச்சா?" என்று மூன்று நாளைக்கு ஒரு முறை போன் செய்தார். "ஏறக்குறைய" என்றேன். "ஏறக்குறையன்னா?" என்றார். மூன்றாவது முறை போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். தார்ப்பாய்க்கு அடியில் நானும் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். வேறு வாடிக்கையாளர் இல்லை. அண்ணன் இருமினார். நானும் இருமினேன். "அப்புறம் தம்பி..." என்றார். "சொல்லுங்கண்ணே" என்றேன். "இல்ல, நீ சொல்லு" என்றார்.

மாவுச் சட்டியை வழித்துக்கொண்டிருந்த அண்ணி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏங்க, ரெண்டு பேரும் எத்தினி நாளைக்கு இப்பிடி முழிச்சிக்கிட்டே இருக்கப்போறீங்க? இவரு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு மூணு வாரமா தூங்கல. ஒங்க மூஞ்சியப் பாத்தா நீங்களும் ஒண்ணு சொல்லத்தான் வர்றீங்க. எனக்கு மாவுதான் வீணாகுது. சொல்லிருங்க!"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான், "அண்ணே, அணிக்கு வேற கோல்கீப்பர் பாக்குறாங்க" என்றேன். அவர், "தம்பி, ஒனக்குப் பதிலா வேற பேக்கு போடப்போறாங்களாம்" என்றார்.

அண்ணி எட்டி அடுப்பை அணைத்தார்.

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அன்றைக்கு நான் எழுந்து போனதும் அதே ஃபார்வர்டு இரண்டாவதாக ஒரு தேவையையும் சொல்லியிருக்கிறான். ரைட் பேக். அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சயா அன்று சாயங்காலமே தோசைக்கடைக்கு வந்து, "நீங்க அவரு ஃப்ரெண்டு, பதமா பேசுவீங்க" என்று அண்ணனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னை எதுக்குண்ணே?" என்றேன். குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரல்போல் கேட்டது.

"அந்தக் கோலுதான்."

"லேசாத்தானே பட்டுச்சு!"

"லேசாவா? நான் சோத்துக்கைப் பக்கம் விழுந்து கெடக்கேன். பந்து வெளியில போய்க்கிட்டிருந்திச்சு தம்பி. வெளியில! ஸ்டிக்கை அங்க எதுக்கு நீட்டின?"

"நீங்க மட்டும்? பேடுமேலயே படுத்துட்டீங்க!"

"வாரு அறுந்திச்சு!"

அண்ணி சிரிக்க ஆரம்பித்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். அவரைப் பற்றி மற்றவர்கள் பேசியபோது எவ்வளவு நியாயமாகத் தோன்றியதோ, என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்றபோது அவ்வளவு அநியாயமாகத் தோன்றியது. வீட்டில் மனைவி, "அப்ப இனிமே ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்தது மகிழ்ச்சியா கவலையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் சேர்ந்தே பெயிண்ட் கடைக்குப் போனோம். சயா ஒரு டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றாக நுழைவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் தூக்காமல் இன்னும் வேகமாகக் கலக்கினார்.

"சயா, நல்லா கலங்கிடுச்சு" என்றார் அண்ணன்.

"கோவிச்சுக்காதீங்க. ஒருத்தர்கிட்ட சொல்லவே ஆனாடெ. ரெண்டு பேருகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றார் சயா. அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. பெயிண்ட் வாடையாகவும் இருக்கலாம். அதற்குமேல் எங்களுக்குக் கோபத்தைத் தொடர வழியில்லை. டீக்கடையில் இருவருக்கும் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். ஃபார்வர்டு எங்கள் காலைத் தொட்டு வணங்கினான். அவன்மேல் எனக்கு இருந்த கோபமும் அதோடு போயிற்று.

அந்த மழைக்காலத்தில்தான் ஊரில் இளைஞர்கள் பிழைப்பைத் தேடி ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். முதலில் ஃபார்வர்டு தாய்லாந்துக்குப் போனான். போகும்போது சொல்லக்கூட இல்லை, பாங்காக்கிலிருந்து ஒரு படம் அனுப்பினான். எனக்குப் பதில் சேர்த்த பேக் மலேசியாவுக்குப் போனான். புதிய கோல்கீப்பர் ஆறடி உயரம், கொக்குபோல் கை. இரண்டு ஞாயிறு வந்து பந்தை ஆகாயத்திலேயே பிடித்தான். மூன்றாவது ஞாயிறு ஜப்பானிய மொழி வகுப்பு என்றான். அதற்கப்புறம் அவனைக் காணவே இல்லை. மழை விட்டபோது அணியில் ஒன்பது பேர்தான் மிச்சம். சயாவின் வண்ண அட்டையில் முட்டையைத் தவிர எதுவும் நிறைவேறவில்லை.

தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால், நான் தோசைக்கடையில் உட்கார்ந்திருந்தபோது சயாவே வந்தார். வரிசையாக மூன்று தோசை சாப்பிட்டார். முட்டி எப்படி இருக்கிறது என்று எங்கள் இருவரையும் கேட்டார்.

அண்ணன் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வர்றோம் சயா. ஆனா ஒரு கண்டிஷன்" என்றார்.

"சொல்லுங்க, எதுன்னாலும்."

"தம்பிய எனக்கு முன்னால நிறுத்தக்கூடாது. எதிர்ப்பக்கம் எங்கயாவது போடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சயா ஒத்துக்கொண்டுவிட்டார். அப்படித்தான் நாற்பத்திரண்டாவது வயதில் நான் ஃபார்வர்டு ஆனேன்.

முதல் ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்குள் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. எதிரணிக் கோலுக்கு முன்னாலுள்ள 'D' வட்டத்துக்குள் நான் குனிந்து நின்றுகொண்டிருந்தபோது, கேப்டன் அடித்த பந்து என் பூட்ஸுக்கு இரண்டு விரல் தள்ளிப் போயிற்று. மைதானத்தின் மறுகோடியிலிருந்து அண்ணன், "ஓடு தம்பி, ஓடு!" என்று கத்துவது கேட்டது. பதினெட்டு வருடமாக அந்தக் குரல் என் முதுகுக்கு மிகப் பக்கத்தில் கேட்டுப் பழக்கம். அவ்வளவு தூரத்தில் கேட்டது என்னவோபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கோலுக்கு முன்னால், இந்த முறை பேடை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சின்ன உருவமாக நின்றார். நடுவர் விசிலடித்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். ஓடினேன்.

இரண்டுக்குப் பூஜ்யம் தோற்றோம். சயா கோபப்படவில்லை. பதினோரு பேர் இறங்கியதே போதும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அண்ணனின் பேடு மூட்டை ஈரத்தோடு என் மடியில். எதிரே நின்ற ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அது நாப்பியா என்று கேட்டார். நாப்பி என்றால் நொதிக்கவைத்த மீன் விழுது, வாடைக்குப் பேர்போனது. இல்லை, ஹாக்கிச் சாமான் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் டிரைவரும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, மூட்டையை இறக்கினால்தான் வண்டி நகரும் என்றார். சூலே நிறுத்தத்திலேயே இறங்கி, மூட்டையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு பபேடான் பக்கம் நடந்தோம். மாவு புளித்திருக்கும், அண்ணி திட்டுவார் என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.