எர்னா ஓட்டிய நான்காம் ரீல்

1946 கோடையில் செக் நாட்டின் மரியன்ஸ்கே லாஸ்னேயில் முதன்முதலாக உலகத் திரைப்பட விழா நடக்கப்போகிறது என்று கேட்டபோது எர்னா லோவாசருக்குப் பயம்தான் வந்தது. அவள் வளர்ந்த காலத்தில் வீட்டிலும் தெருவிலும் அந்த ஊருக்கு மரியன்பாட் என்ற ஜெர்மன் பேர்தான். போரில் ஜெர்மனி தோற்றபின் இப்போது ஜெர்மன் பேசுகிறவர்களை ரயில் ரயிலாக ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எர்னாவும் ஜெர்மன்காரி என்று காட்டும் வெள்ளைப் பட்டையைக் கையில் கட்டியவள்தான். கணவன் அன்டோன் போர்முனையில் செத்ததிலிருந்து ஊர் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியது அவள்தான். அந்தப் பழைய எந்திரங்களின் கோளாறு வேறு யாருக்கும் பிடிபடவில்லை. அதனால்தான் அவளை விட்டுவைத்திருந்தார்கள்.

பிராகிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ரோகோஸ், ஆபரேட்டர் அறையில் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய தம்பியை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

"இந்தாம்மா, நல்லா கேட்டுக்க. பல நாட்டுக்காரன் கீழ உக்காந்து பாக்கப்போறான். படம் ஒரு நிமிஷம் நின்னாலும் நீ வேணும்னே பண்ணினேன்னு எழுதிருவேன்."

"எந்திரம் கிழடுங்க ஐயா. அதுவா நின்னா?"

"நிக்காம பாத்துக்க."

அன்று முதல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா ஹெர்மினா சீரகக் கஞ்சியை முன்னால் நகர்த்தி வைத்து, "பட்டினி கிடந்தா எந்திரத்துக்கு முன்னாலயே விழுந்துருவடி" என்று திட்டுவாள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எர்னா ஓட்டும் ரீலை மறந்து கதவையே பார்ப்பாள்.

விழாவின் மூன்றாம் நாள், மதியக் காட்சி. நான்காம் ரீல் பாதி ஓடியிருக்கும். பிலிம் விளக்கின் முன்னால் சட்டென்று சிக்கி நின்றது. திரையில் நடிகையின் முகம் நடுவில் பழுப்பேறி, குமிழியிட்டு, உருகியது. அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்துக்குச் சமம். தீ மீதிப் பிலிம் சுற்றியிருக்கும் மேல்பெட்டிக்கு ஏறினால் கொட்டகையே மிஞ்சாது. எர்னா விளக்கை மூடினாள், மேலேயிருந்து வரும் பிலிமைக் கத்தரித்தாள், எரிகிற துண்டை வெறுங்கையால் பிய்த்து மணல் வாளிக்குள் அமுக்கினாள். உள்ளங்கைத் தோல் வழன்று வந்தது.

கீழே ஒரே இருட்டு, சீழ்க்கை, கூச்சல். அவள் கையில் மிஞ்சிய துண்டின் நுனியில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அறுந்திருந்த பிலிமைச் சேர்க்கக் காலையில் ரோகோஸ் தன் கையால் போட்ட ஒட்டு. அவரும் அதைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறியது. இவர் பயந்தால் பழி தன் தலையில்தான் விடியும் என்று எர்னாவுக்குப் புரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. காவல் அதிகாரி. அவள் பட்டையைத்தான் முதலில் பார்த்தான்.

"இவதானே ஓட்டினது? எழுந்து வாடி!"

எர்னா துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். உண்மையைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? ரோகோஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அவள் தோளைப் பிடித்து வாசல்வரை இழுத்துவிட்டான்.

"விடுய்யா அவள" என்றார் ரோகோஸ், நாற்காலியை விட்டு எழுந்து. "ஒட்டு நான் போட்டது. அவ கைய பாரு. அவ இல்லேன்னா எல்லாரும் கருகியிருப்போம்."

ஏழு நிமிஷத்தில் படம் மறுபடி ஓடியது. ஒற்றைக் கையால் அவளே ஓட்டினாள். முடிந்ததும் வாசல் பக்கம் போய் வாந்தியெடுத்தாள்.

விழா நல்லபடியாக முடிந்தது. செப்டம்பரில் அக்கா, தங்கை இருவர் பெயரும் ரயில் பட்டியலில் வந்தன. ரோகோஸ் வீட்டுக்கே வந்தார்.

"உன் பேர எடுத்துரலாம். தொழில் தெரிஞ்சவங்க இங்கயே இருக்க அனுமதிச் சீட்டு தர்றாங்க."

"அக்காவுக்கு?"

"அவங்களுக்குக் கிடைக்காது."

"அப்ப வேண்டாங்க ஐயா. தினமும் கதவப் பாத்துக்கிட்டு என்னால வாழ முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கிப் போனார்.

ஜெர்மனியின் பவேரியாவில் இரண்டு வருஷம் சலவைக்கூடத்தில் துணி பிழிந்த பிறகு, ஒரு சின்ன ஊர்க் கொட்டகையில் எர்னாவுக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அறுபத்தொரு வயதுவரை அங்கே படம் ஓட்டினாள். தூக்கத்தில் அவள் அலறுவது மட்டும் நிற்கவில்லை என்று ஹெர்மினா அக்கம்பக்கத்தாரிடம் சொல்வாள்.