ரத்தினபாய் டீச்சரின் அலமாரியில் பூஞ்சை கிடையாது

அஸ்தினாபுரத்தில் ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்குப் போகிறவர்கள் காபி குடிக்காமல்கூடத் தப்பித்து வந்துவிடலாம். அலமாரியைப் பார்க்காமல் வர முடியாது. உட்காரச் சொன்ன கையோடு கதவைத் திறந்து, மோந்து பாருங்கள் என்பார். வந்தவர் கூச்சத்தோடு மூக்கை உள்ளே நீட்டினால் வேப்பிலையும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை வரும். ஈர நெடி அடிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று வாயைத் திறந்து சொல்கிறவரை காபி வராது.

அந்தப் பெருமையில் நியாயம் இருந்தது. டீச்சர் வீடு இருப்பது பள்ளத்துத் தெருவில். ஐப்பசியில் ஆரம்பிக்கிற மழை மார்கழி வரைக்கும் சுவரை விட்டு இறங்காது. அந்தத் தெருவில் பெல்ட்டு பச்சை பூக்கும், பட்டுச்சேலை கரும்புள்ளி வாங்கும், கோட்டு சூட்டெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வரும். டீச்சர் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்காது. இரும்பு பீரோ சுவரை விட்டு ஒரு கை தள்ளித்தான் நிற்கும். துணிக்கும் துணிக்கும் நடுவே காற்று போக வழி இருக்கும். வெயில் தலையைக் காட்டினால் போதும், வீட்டிலுள்ள கதவெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். துவைத்த துணியை டீச்சர் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது உள்ளே போகலாம். அவர் கணவர் சுவிசேஷமுத்து ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை கன்னப் பரீட்சையில் ஃபெயிலாகி, பனியனோடு வாசலில் காத்திருந்த நாட்கள் அவர் வாழ்க்கையில் ஏராளம்.

குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை சர்ச்சின் பாடகர் குழுவான கொயர். கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்தவர், இரண்டாவது வரிசையில் இடது ஓரத்தில் நின்று இன்றுவரை பாடுகிறார். அந்த ஓரம் இல்லாவிட்டால் டிசம்பர் மாதமே எதற்கு என்று நினைக்கிறவர். அந்த ஓரத்தைத்தான் போன ஆகஸ்டில் வாய்க்கொழுப்பால் பணயம் வைத்தார்.

நடந்தது இதுதான். முந்தின வருஷம் கொயர் சேலைகளை சர்ச்சின் பின்னறையில் வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையான கேரல் சர்வீஸ் அன்று எடுத்து உதறினால் பூஞ்சை புகையாய்ப் பறந்தது. அதையே கட்டிக்கொண்டு பாடினார்கள். அமைதியாகப் பாடவேண்டிய இடத்தில் முன்வரிசை மொத்தமும் தும்மியது. தும்மல் ஓயாததால், சர்ச் போதகரான ஐயர் பிரசங்கத்தை நிறுத்தி, யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்படி ஆயிற்று. அதனால் இந்த வருஷம் புதிதாக எடுத்த வெள்ளைக் காட்டன் சேலைகளை, நாவலூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் கொயர்ப் பெண் அபிகாயில் வீட்டில் வைக்கலாம் என்று கொயர் லீடர் தபீதாள் முடிவு செய்தார். தபீதாள் முடிவு செய்தால் செய்ததுதான். ஆனால் டீச்சர் எழுந்துவிட்டார்.

"அக்கா, என் அலமாரியில வைங்க. ஒரு சேலை கெட்டாலும் நான் கொயர்ல இருந்தே விலகிக்கறேன்."

தபீதாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சரி, ரத்தினம், என்றார். டீச்சருக்கு சந்தோஷத்தில் அன்று ராத்திரி தோசை மூன்று அதிகம் இறங்கியது.

சேலைகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் ஈரம் தங்கும் என்று, புத்தகம் அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, இடம் விட்டு நிற்க வைத்தார். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டதும் டீச்சருக்கு பயமும் பிடித்துக்கொண்டது. வேப்பிலை போதாது, கற்பூரம் போதாது. ஈரத்தை இழுக்க சாக்பீஸ் நல்லது. அது வீட்டில் டப்பா டப்பாவாக இருந்தது. வெள்ளையெல்லாம் முந்தின மழைகளில் தீர்ந்து, இதயம் வரைந்து ரத்தக் குழாய்க்கு நிறம் கொடுத்த ரோஸ் சாக்பீஸ்தான் மிச்சம். சாக்பீஸுக்கு என்ன நிறம் இருந்தால் என்ன என்று உடைத்து, பலத்துக்குக் கல் உப்பையும் சேர்த்து, சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, சேலைகளுக்கு மேலே கம்பி நெடுகத் தொங்கவிட்டார். வெளி ஈரம் நுழையாமல் கதவிடுக்கில் டேப்பும் ஒட்டினார். அடுப்படியில் உப்பு ஜாடி தண்ணி விட்டு அழுவுதே என்று சுவிசேஷமுத்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அது அடுப்படி, இது அலமாரி என்று பதில் வந்தது.

உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அந்தப் பாடத்தில் கேள்வி கேட்டு எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். சுவரில் பதித்த அந்த அலமாரிக்குப் பின்னால் இருப்பது குளியலறைச் சுவர் என்பதையும், அது ஏற்கெனவே குடித்து வைத்திருந்த தண்ணீரையும் அவர் மறந்தே போனார்.

கேரல் சர்வீஸுக்கு முந்தின நாள் காலை கொயர் மொத்தமும் டீச்சர் வீட்டு ஹாலில் கூடியது. ரோஸ் மில்க் கொடுத்து எல்லோரையும் உட்கார வைத்து, டீச்சர் ஒரு கல்யாணப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டு டேப்பைப் பிய்த்தார். முதல் சேலையை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உதறி விரித்தார்.

வெள்ளைச் சேலை முழுக்க ரோஸ் பொட்டு.

மடிப்பின் விளிம்பில் விழுந்த சொட்டு மடிப்புக்கு மடிப்பு இறங்கியதால், உள்முனையிலிருந்து முந்தி வரை ஒரே இடைவெளியில், அளந்து வைத்த மாதிரி வரிசையாக வந்திருந்தது. அடுத்த சேலையும் அப்படியே. அதற்கடுத்ததும். டீச்சருக்கு இரண்டாவது வரிசையின் இடது ஓரம் காலியாக இருப்பது கண்ணுக்குள் தெரிந்தது.

அப்போது அபிகாயில் எழுந்து வந்து ஒரு முந்தியைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"டீச்சர், செம சூப்பரா கீது. எங்க பிரிண்ட் குடுத்தீங்க?"

ஹாலே மொய்த்துவிட்டது. சர்ப்ரைஸா என்றார்கள், சொல்லவே இல்லையே என்றார்கள். தபீதாள் மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல், வெறும் வெள்ளையாகத்தானே எடுத்தோம் என்று கேட்டார். பல்லாவரத்தில் ஒரு பிரிண்டிங் கடை என்று சொல்ல டீச்சருக்கு ஒரு நொடி போதும். அடுத்த சேலைக்காக அலமாரிக்குள் தலையை நீட்டியபடி சொல்லத்தான் வாயைத் திறந்தார். கம்பியில் தொங்கிய மூட்டையிலிருந்து ஒரு ரோஸ் சொட்டு நேராக அவர் மூக்கு நுனியில் விழுந்தது.

முதலில் டீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே உப்பையும் சாக்பீஸையும் எட்டாம் வகுப்புப் பாடத்தையும் சொல்லி முடித்தார். சுவிசேஷமுத்து அடுப்படி உப்பு ஜாடியைச் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முன்வரிசைக்காரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை.

"அக்கா, சேலை கெட்டா விலகிக்கறேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்."

தபீதாள் எழுந்து வந்தார். சேலை ஒன்றை முகத்தருகே வைத்து, ஆழமாக மோந்து பார்த்தார். தும்மல் வருகிறதா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகு அவர் கோடியில் இருந்த தன் சேலையை விரித்தார். மூட்டை எட்டாத மூலை என்பதால் அது வெறும் வெள்ளையாக இருந்தது. அதைப் பழையபடி மடித்து டீச்சர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு நான் மட்டும் தனியா தெரியணுமா, ரத்தினம்? அந்த மூட்டையைப் புழிஞ்சு எனக்கும் பொட்டு வை."

மறுநாள் கேரல் சர்வீஸில் யாரும் தும்மவில்லை. இரண்டாவது வரிசை இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் அதிகச் சத்தமாகவே பாட்டு வந்தது. கேக்கு கொடுக்கிற இடத்தில் பெண்களெல்லாம் தபீதாளைச் சூழ்ந்துகொண்டு, சேலை எந்தக் கடை என்று நச்சரித்தார்கள்.

"அஸ்தினாபுரம், டீச்சர் வீட்டு அலமாரி," என்றார் தபீதாள். "அடுத்த வருஷமும் அங்கதான்."