கரடியின் இடது கை

என் மனைவி பதினாறு வருடம் ஒரு கரடியின் இடது கையாக வேலை பார்த்தவள். கேலிக்குச் சொல்லவில்லை, அவளுடைய அடையாள அட்டையிலேயே ‘இடது கை’ என்றுதான் போட்டிருந்தது. டிவியில் ஞாயிறு காலை வந்த குடும்ப நிகழ்ச்சி அது. மேசைக்குப் பின்னால் இடுப்புவரை தெரிகிற பொம்மைக் கரடி, வருகிற விருந்தாளியை எல்லாம் பேச்சிலேயே காலை வாரும். தலை, வாய், குரல், வலது கை எல்லாம் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். மேசைக்கு அடியில் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இடது கையை மட்டும் கரடிக்குள் நுழைத்து உட்கார்ந்திருப்பவள் இவள்.

எங்களுக்குள் அறிமுகமே கரடியால்தான். என் சலவைக் கடைக்குக் கரடியின் கோட்டைக் கொண்டுவந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் கோட்டா?” என்றேன்.

“இல்ல, எங்க அண்ணனும் நானும் சேர்ந்து போட்டுக்கிறது” என்றாள்.

கொஞ்சம் லூசோ என்று நினைத்தேன். மறுவாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். அந்த நினைப்பு போகாமலே கல்யாணம் ஆகிவிட்டது.

நட்சத்திரங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ‘பொம்மையோடயா உட்காரணும்?’ என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டே நிமிடத்தில் கரடியின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்து, பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். போகும்போது கரடிக்குக் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். கீழே இரண்டு பேர் கால் மரத்துப்போய்க் கிடப்பது ஒருவருக்கும் உறைக்காது.

அவளுக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. எங்கள் மகள் தவழ்கிற வயதில் டிவியிலிருந்த கரடியின் இடது கையைத் தொட்டு “அம்மா” என்பாள். அது போதும் இவளுக்கு. வளையல் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதால், படப்பிடிப்புக்கு முன்னால் வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். கடையைச் சாத்திவிட்டு நான் கூடப் போனதே அந்த வளையல்களுக்காகத்தான்.

நிகழ்ச்சி நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் எல்லோருக்கும் திடீரென்று பழைய ஞாபகம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு சிறப்பு நிகழ்ச்சி, விருந்தாளி ஒரு பெரிய சினிமா கதாநாயகன் என்றார்கள். இவள் கால் தரையில் நிற்கவில்லை. வேலை செய்யும்போதுகூட இடது கை விரல்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மச்சான் போன் செய்தார்.

“தங்கச்சி, புது டைரக்டர் மேசையைச் சின்னதாக்கிட்டாரு. கீழ ஒருத்தர்தான் உட்கார முடியும். இடது கையைக் கோட்டுப் பையோட சேர்த்துத் தச்சிடலாம்னு சொல்றாரு. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேம்மா.”

“பரவால்லண்ணா. நாங்க சும்மா வந்து பார்க்கிறோம்” என்று வைத்துவிட்டாள். பிறகு கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். 

படப்பிடிப்பன்று மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். சுற்றிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கரடி தலையை நீட்டியதும் பெரியவர்கள்தான் தொண்டை கிழியக் கத்தினார்கள். கதாநாயகன் வந்து உட்கார்ந்தார். எழுதிக் கொடுத்ததில் இரண்டு வரி பேசினார், அப்படியே நிறுத்திவிட்டார்.

“ஆறு வயசுல நான் இங்க பாட வந்தேன், ஞாபகமிருக்கா? பாட்டு மறந்துபோய் அழுதுட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி யாரையோ கிண்டல் பண்ணிட்டிருந்தீங்க. ஆனா இந்தக் கை மட்டும் என் முதுகைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்ப அதுக்கு என்ன ஆச்சு?”

கரடி வாயைத் திறந்தது, மூடியது. 

“அது நான் தட்டலப்பா” என்றது கரடி கடைசியில். “தட்டின கை மூணாவது வரிசையில, புருஷன் பக்கத்துல உட்கார்ந்திருக்கு.”

அரங்கம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. கதாநாயகன் எழுந்தே நின்றுவிட்டார். டைரக்டர் நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. “பழைய மேசை எங்க இருக்கு? தூக்கிட்டு வாங்க! அந்தத் தையலைப் பிரிங்க!” என்று ஓடினார்.

இவள் எழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் வழக்கம்போல வளையல்களை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

அவள் இரண்டு கைகளையும் காட்டினாள். ஒரு வளையல்கூட இல்லை. காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன்பே கழற்றி வைத்திருக்கிறாள். வழியெல்லாம் பக்கத்திலேயே இருந்த நான் கவனிக்கவில்லை.

“பழக்கதோஷம்” என்றாள். நீட்டிய என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேடைக்குப் போனாள்.