சொந்தக்காரன்

செத்துப்போன என் அண்ணனின் வங்கிப் பணத்தை நான் தின்றுவிட்டேன். நான்கு லட்சம் ரூபாய். பூட்டை உடைக்கவில்லை, கையெழுத்தைத் திருத்தவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னேன்... அவ்வளவுதான்!

அதற்குள் முகம் சுளிக்காதீர்கள். சுளிக்க இன்னும் நிறைய இருக்கிறது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்கிப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது உபதொழில். அண்ணன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டியவன். கல்யாணத்துக்கு முன்பு வங்கியில் வைப்புக் கணக்குத் தொடங்கியபோது, நாமினி என்ற கட்டத்தில் என் பெயரைப் போடச் சொன்னான். போட்டேன். பிறகு அவனுக்கு மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். அந்தக் கட்டத்தில் மட்டும் நானே குந்தியிருந்தேன். மாற்று என்று நானும் சொல்லவில்லை. ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டான்.

பணத்தை என் கணக்கில் போடும்போது வங்கி மேலாளர் அம்மாள் தெளிவாகவே சொன்னார். “நாமினின்னா வாங்கிக் குடுக்கற கைதான் சார். பணம் அவரு மனைவிக்கும் மகளுக்கும் சேர வேண்டியது. நீங்கதான் ஒப்படைக்கணும்.”

“எனக்கே பாடமா மேடம்?” என்று சிரித்தேன். நத்தத்திலிருந்தும் எரியோட்டிலிருந்தும் வருகிற முகம் தெரியாத மனிதர்களுக்கு, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு இதே சட்டத்தை விளக்கிய மேதை அல்லவா நான்!

மறுநாள் மதினி கடைக்கு வந்தாள். கையில் மகளின் மதிப்பெண் பட்டியல். நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

“பேங்க்ல என்ன சொன்னாங்க தம்பி? வந்துருச்சா?”

“வந்துருச்சு மதினி. நாமினிக்குத்தான் குடுப்பாங்களாம்.”

“நாமினின்னா?”

“சொந்தக்காரன், மதினி.”

கவனித்தீர்களா? இதில் பொய் எங்கே? அண்ணனுக்கு நான் சொந்தக்காரன்தானே! பணத்துக்கே சொந்தக்காரன் என்று அவள் எடுத்துக்கொண்டால், அது என் குற்றமா? குற்றம்தான். அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். சொன்ன கையோடு, ஒரே சொல்லில் இரண்டு அர்த்தம் வைத்த தமிழை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என்ன ஒரு இலக்கிய ரசனை... தூ!

“என்ன கொழுந்தனாரே, இதுலயும் வெளையாட்டா?” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் அவளைக் கேலி செய்கிறவன் நான். அன்று சிரிக்கவில்லை. அதனாலேயே நம்பிவிட்டாள்.

“அம்புட்டும் உங்களுக்கா?”

“சட்டம் மதினி. நான் என்ன செய்ய?”

பட்டியலைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

அண்ணன் மகள் இப்போது வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போகிறாள். மில் வேன் என் கடையைத் தாண்டும்போது “சித்தப்பா!” என்று கையசைக்கிறாள். நானும் அசைக்கிறேன், கை நன்றாகத்தான் வேலை செய்கிறது. அந்தப் பணத்தில் கலர் ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கினேன். கல்லூரி விண்ணப்பங்கள் அதில் பளிச்சென்று விழுகின்றன!

மதினி என் மேல் வழக்குப் போடலாம். சட்டம் அவள் பக்கம். ஆனால் மனு எழுத யாரிடம் வருவாள்? என்னிடம்தான்!

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். ஜெயிலுக்குப் பயமா? இல்லை... ஊரே வேடிக்கைக்காரன் என்று கொண்டாடுகிற பயலை, திருடன் என்று அந்த ஒருத்தி பார்த்துவிடுவாளே! அந்த மானத்தைக் காப்பாற்றத்தான் ஒரு பெண்ணை மில்லுக்கு அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு மலிவான மானம்!

போன தீபாவளிக்கு ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று வியந்தாள்: “இந்தக் காலத்துல எந்தக் கொழுந்தன் இப்பிடிச் செய்வாரு!” நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மதினி நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒன்றை மட்டும் உருவி என் சட்டைப் பையில் திணித்தாள்.

“எங்களுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு? ஒங்க பிள்ளைகளுக்கு வெடி வாங்கிக் குடுங்க.”

வாங்கிக் கொடுத்தேன்.