துரையின் சாய்மனைக் கதிரை

பேய் என்று யாராவது வாய் திறந்தாலே எழுந்து போகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு மலேரியா ஒழிப்பில் வேலை, வன்னியில் வீடு வீடாகப் போய் நுளம்பு சாகச் சுவருக்கு மருந்தடிக்கிற ஆட்களுக்கு நான்தான் மேற்பார்வை. காட்டோரம், பாழ் வீடு, சுடலைப் பக்கம் என்று எல்லா இடத்திலும் படுத்து எழும்பியவன். நுளம்பைத் தவிர வேறெதுவும் என்னை வந்து தொட்டதில்லை.

முல்லைத்தீவுக்குப் போகிற வழியில், கடற்களப்பை ஒட்டி, வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தென்னந்தோட்டப் பங்களா இருந்தது. துரை அங்கேயே செத்துப்போய், தோட்டம் பல கை மாறி, கடைசியில் சவிரி என்பவர் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, போகிறவர் வருகிறவர் தங்கும் விடுதியாக நடத்தினார். முன்பு கடலுக்குப் போன மனிதர். மனைவி மதலேன் குசினியில் சமையலைப் பார்த்துக்கொண்டார். ஏழு வயதில் ஒரே மகள், றெஜினா. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சியவள் என்பதால் தாய் அவளை ஒரு நிமிடம் கண்ணைவிட்டு அகல விடமாட்டார்.

மருந்தடிக்க வேண்டுமென்றால் அறைக்குள் இருக்கும் சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்தாக வேண்டும், அது சட்டம், நானோ சட்டத்துக்குப் பிறந்தவன். அறை அறையாக வெளியே எடுத்துக்கொண்டு வந்தோம். கடைசிக் கோடி அறையில் ஒரேயொரு சாய்மனைக் கதிரைதான், ஆள் சாய்ந்து கிடக்கிற நீட்டு நாற்காலி, கிடந்தது. மதலேன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இதை மட்டும் அரக்காதேங்கோ ஐயா, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். துரையின்ரை கதிரை. நாங்கள் வந்து நாலு வருசம், ஒருநாளும் தொடேல்லை."

"ஏன், துரை திரும்பி வந்து தேடுவாரோ?" என்று கேட்டேன்.

"அவர் போனாத்தானே திரும்பி வாறதுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆட்கள் இருவரையும் கூப்பிட்டு நானும் சேர்ந்து தூக்கினேன். நம்பினால் நம்புங்கள், பிரம்பு பின்னிய அந்தக் கதிரையை மூன்று பேர் மூச்சுப்பிடித்துத்தான் நகர்த்தினோம். வாசற்படியைத் தாண்டியதும் சட்டென்று பாரம் குறைந்து மூவரும் முன்னால் தடுமாறினோம். நானாவது நின்று யோசித்திருக்க வேண்டும், ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, எனக்கு வேலை முடிய வேண்டும் என்ற அவசரம்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் இருவரும் தங்கள் முகாமுக்கு ஓடிவிட்டார்கள், நான் அங்கேயே தங்கிவிட்டேன். கோடி அறைச் சுவர் இன்னும் ஈரம், காலையில் முதலில் அடித்த றெஜினாவின் அறை காய்ந்திருந்தது, ஆகவே கதிரை நனையக்கூடாதென்று அதை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

"பிள்ளை படுக்கிற அறைக்குள்ள வேண்டாம் ஐயா," என்றார் மதலேன்.

"ஒரு ராத்திரிதானே அக்கா. கதிரை பிள்ளையைக் கடிக்குமோ?"

அவர் மகளைத் தங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் படுக்க வைத்தார். நான் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக்கூடாது, எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

விடிய மதலேன் வைத்த கூக்குரலில்தான் எழும்பினேன். மகளைப் பாயில் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் தன் அறையில், கதிரைக் காலடியில், வெறும் நிலத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் போன உயிர் வந்தது. அப்போதுதான் சவிரி கூடத்துச் சுவரைக் காட்டினார்.

அந்த வீட்டுச் சுவர்கள் காவி பூசியவை. மருந்து காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும், தொட்டால் விரல் அடையாளம் விழும். கோடி அறை வாசலில் தொடங்கி, கூடம் நீளத்துக்கு, என் தலை உயரத்தில், ஒரு பெரிய கையின் அடையாளம். ஒரே கை. தடவித் தடவிப் போயிருந்தது, வாசல் வந்த இடங்களிலெல்லாம் நின்று துழாவியிருந்தது. பெற்றோர் படுத்திருந்த அறை வாசல்வரை வந்து அத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சுவர் சுத்தம்.

றெஜினா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அவருக்குக் கண் தெரியாதம்மா. கதிரையைத் தேடினவர். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்."

சவிரி என் காதுக்குள் சொன்னார்: "துரைக்குக் கடைசிக் காலத்தில கண் பார்வை இல்லையாம், பழைய காவல்காரன் சொன்னவன். சத்தியமாப் பிள்ளைக்கு இதை நாங்கள் சொன்னதில்லை."

நான் கதிரையைத் தனியாகவே தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தேன். அப்போது அது பாரமே இல்லை. திரும்பி வந்தபோது மதலேன் மகளின் முன்னால் முழங்காலில் இருந்தார்.

"பிள்ளை, பிறகு கையை விட்டிட்டியோ?"

"நான் விட்டிட்டன். அவர் விடேல்லை."

என் கெட்டித்தனத்தை நானே சபித்த நாள் அது.

அடுத்த சுற்று மருந்துக்குப் போனபோது பங்களா பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு முல்லைத்தீவுக்கே போய்விட்டார்கள் என்றார்கள். மனது கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப்போனேன். பூசை முடிந்து சனம் கோயிலை விட்டு வந்துகொண்டிருந்தது, நல்ல வெயில். றெஜினா கொழுத்து வளர்ந்திருந்தாள், அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன். வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, விரல்களை மடக்கிப் பிடித்தபடி வந்தாள். படியில் நின்று, பக்கத்தில் அண்ணாந்து பார்த்து, "படி இருக்கு, மெல்லமா வையுங்கோ," என்றாள். ஒவ்வொரு படிக்கும் நின்றாள். பின்னால் வந்த மதலேன் என்னைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றெஜினா திருப்பவில்லை. "இவர்தான் கதிரையைத் தூக்கினவர்," என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

என்னை அறியாமல் என் கைகள் குவிந்தன.

"இப்ப உங்களைக் கும்பிடுறார்," என்றாள் அவள். பிறகு தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள், மெதுவாக "ஓம்" என்று தலையாட்டினாள். எதற்கு ஓம் என்றாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.