பதினோரு ஜன்னல் பங்களா

“வான்டர்டாக். புதன்கிழமை, 7 ஜூன் 1972. காலை 7.45 மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து. உறுதியான காலணி, மழைக்கோட்டு, அவரவருக்கு வேண்டிய ரொட்டி. மழை பெய்தாலும் போவோம்.” ஊதா மையில் நகலெடுத்த இந்தத் தாள் ஜூன் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, என் மகள் மாலினியின் பையில் வீட்டுக்கு வந்தது. ஆறு வருடங்களாக என் கோப்பில் இருக்கிறது. அன்று அதில் குப்பென்று அடித்த ஸ்பிரிட் வாசனைதான் போய்விட்டது. வான்டர்டாக் என்றால் பள்ளிப் பிள்ளைகளைப் பாடப் புத்தகத்திலிருந்து அவிழ்த்து வெளியே கூட்டிப்போகும் நாள். ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டாவது வருடத்திலும் எனக்கு விளங்காமல் இருந்தது அந்தக் கடைசி வரிதான். ஆனைமலையில் நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் மழை வலுத்தால் பள்ளியே கிடையாது. வாத்தியார் ஓடையைத் தாண்டி வரமாட்டார், நாங்கள் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டிலேயே கிடப்போம். டார்ம்ஸ்டாட்டில் மழையையும் அழைப்பிதழில் சேர்த்து அச்சடிக்கிறார்கள்.

தாளின் அடியில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை கெல்லர் அம்மையார் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தார். போகிற இடம் ஓடன்வால்ட் மலைச் சரிவில் உள்ள பழைய பண்ணை மாளிகை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கிழக்கே தேயிலைத் தோட்டம் இருந்ததாம். துணைக்கு ஒரு பெற்றோர் தேவை. “உங்கள் அப்பாவின் தோட்டத்தைப் பற்றியும் பங்களாவைப் பற்றியும் மாலினி நிறையச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வந்து பத்து நிமிடம் பேசினால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.”

என் அப்பாவுக்குத் தோட்டம் கிடையாது. தோட்டத்துத் தொழிற்சாலையில், பறித்து வந்த பச்சை இலையை மாடியில் பரப்பி வாட்டுகிற வேலை அவருக்கு. அம்மா கொழுந்து பறித்தார். நாங்கள் ஐந்து பேர் இருந்தது தொழிலாளர் குடியிருப்பான லயன் வரிசையில் ஓர் அறை. ஆனால் எங்கள் வரவேற்பறையில் தொங்கும் படம் வேறு கதை சொல்லும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்ட நாளில், பொள்ளாச்சியிலிருந்து வந்த போட்டோக்காரர் துரை குடும்பத்தைப் படமெடுத்து முடித்தார். பிலிமில் இன்னும் ஒரு படத்துக்கு இடமிருந்தது. பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவைத் துரை கைதட்டிக் கூப்பிட்டு, பங்களாப் படியில் நிற்கச் சொன்னார். பட்லரின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு அப்பா நின்றார். அவருக்குப் பின்னால் பதினோரு ஜன்னல்கள். அப்பாவின் ஒரே படம் அதுதான். 1960 அக்டோபரில் நான் கப்பலேறியபோது துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மாலினிக்கு நாலு வயதிருக்கும்போது அதைக் காட்டி, “இது நம்ம வீடாப்பா?” என்று கேட்டாள். அப்போது அறையில் என்னோடு வேலை செய்யும் இரண்டு ஜெர்மன்காரர்கள் இருந்தார்கள். நான் சிரித்துவிட்டு “ம்” என்றேன். அந்த ஒரு “ம்” ஐந்து வருடங்களில் பங்களாவாக, பங்களாவுக்குள் யானை புகுந்த கதையாக, வகுப்பில் அவளுக்கென்று ஓர் இடமாக வளர்ந்துவிட்டது. முதல் வருடம் முழுவதும் அவளோடு பேசாத ஸபீனே என்ற பெண், எங்கள் வீட்டுக்கு வந்து ஜன்னல்களை விரல்வைத்து எண்ணிய பிறகுதான் தோழியானாள்.

என் மனைவி கமலா தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பத்து வருஷமா அந்தப் படத்துக்குக் கீழ நின்னு எல்லாருக்கும் காபி குடுத்தீங்க. ‘உங்க வீடா’ன்னு கேட்டவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது இல்லைன்னு சொன்னீங்களா?”

“ஆமான்னும் சொல்லலியே.”

“அதான் உங்க சாமர்த்தியம். புதன்கிழமை போய்ப் பேசுங்க, எஸ்டேட் ஓனர் சார்.”

மாலினிக்குக் கவலை வேறு மாதிரி. “அப்பா, யானை வந்ததை மறக்காம சொல்லுங்க. நான் சொன்னதெல்லாம் கரெக்டா வரணும். மாத்திச் சொன்னீங்கன்னா என்னை யாரும் நம்ப மாட்டாங்க.”

புறப்படும் முன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட எனக்கு நாலு நாள் இருந்தது. என் நாட்குறிப்பில் அந்த நாலு நாளும் பதிவாகியிருக்கின்றன. சனி: சொல்லவில்லை. ஞாயிறு: சொல்லவில்லை, விருந்தினர். திங்கள்: சொல்ல வாயெடுத்தேன், பல் விழுந்ததென்று அழுதாள். செவ்வாய்: நாளை பொதுவாகப் பேசிச் சமாளிப்பது, மழை, அட்டை, யானை போதும்.

புதன்கிழமை மழை பெய்தது. போனோம்.

மாளிகையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் தொழுவம், பிறகு ரொட்டி சுடும் அடுப்பு, பிறகு மாளிகையின் உட்பகுதி. ஆளுக்கொரு கேள்வித்தாள்: வீட்டில் எத்தனை கடிகாரங்கள், எந்தக் குதிரைக்குப் பெயர்ப்பலகை இல்லை என்பது மாதிரி. நான் துணைக்கு வந்த பெற்றோராக வரிசையின் கடைசியில் நடந்தேன். மாளிகை வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள், யானைக்கால் அளவில். செருப்புப் பெட்டியை வாசலில் கண்ட தமிழன் என்ன செய்வான்? குனிந்து ஷூவைக் கழற்றி, சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, கம்பளிச் செருப்பில் காலை நுழைத்தேன். இடது காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்த இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கடகடவென்று ஷூக்களைக் கழற்றி எறிந்தார்கள்.

“அப்பா! ஷூவுக்கு மேலயே போடணும்பா! தரை கீறாம இருக்கத்தான் இது!” மாலினி பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கிசுகிசுத்தாள்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. காலுறையோடு அந்தப் பெரிய செருப்புகளில் நடக்க முடியாது, சறுக்கத்தான் முடியும். மெழுகு போட்ட மரத்தரையில் ஒரு வகுப்பே பனிச்சறுக்கு விளையாடியது. “ஹெர் சுந்தரம், உங்கள் ஊரில் மாளிகைக்குள் இப்படித்தான் போவீர்களா?” என்று கெல்லர் அம்மையார் சிரிக்காமல் கேட்டார். மாளிகைக்குள் நான் போனதே இல்லை என்பது தொண்டைவரை வந்தது. “வீட்டுக்குள் இப்படித்தான் போவோம்,” என்றேன். அதில் பொய்யில்லை.

சுற்றிக்காட்டியவர் லோரென்ஸ் என்ற ஓய்வுபெற்ற வனக்காவலர். கடைசியாக ஒரு சின்ன அறைக்கு எங்களைக் கூட்டிப்போனார். தொப்பி, தேயிலைப் பெட்டி, மங்கிய படங்கள். தோட்டம் இந்தியாவில் எந்த மலையில் என்று கேட்டேன். “வெப்பமான மலை,” என்றார். சுவரில் ஒரு கூடை மாட்டியிருந்தது. நீளமான மூங்கில் கூடை; கயிறு கறுத்துப்போயிருந்தது. கேள்வித்தாளில் பதினொன்றாவது கேள்வி: கூடையை எப்படிச் சுமந்தார்கள்? லோரென்ஸ் அதை இறக்கி, கயிற்றை இரண்டு தோளிலும் குறுக்கே இழுத்து, மலையேறிகளின் பை மாதிரி மாட்டிக் காட்டினார். பிள்ளைகள் பென்சிலை எடுத்தார்கள். ‘தோளில்’ என்று இருபத்தெட்டுத் தாள்களில் எழுதப்போகிறார்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. தேதி தப்பாகப் போட்ட கல்வெட்டுப் பலகையைத் தாண்டி என்னால் நடக்க முடியாது. “மன்னிக்கவும், கயிறு தலையில்,” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“தலையிலா?”

கூடையை வாங்கினேன். கைக்குட்டையை நாலாக மடித்து உச்சியில் வைத்து, அதன்மேல் கயிற்றைக் கொடுத்து, கூடையை முதுகில் விட்டேன். இரண்டு கையும் விடுபட்டன. பறித்து, தோளுக்கு மேலே பின்னால் எறியும் அசைவு என்னிடம் கேட்காமலே வந்தது. ஏழு வயதில் அம்மாவுக்குப் பின்னால் நின்று விளையாட்டாகக் கற்றது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டது ஸபீனே.

மாலினியைப் பார்த்தேன். ‘யானை, யானை’ என்று அவள் உதடு அசைந்தது. யானையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் தலையில் அந்தக் கயிறு இருக்கும்போது என்னால் முடியவில்லை.

“என் அம்மா இப்படித்தான் சுமந்தார். தினமும்.”

ஸபீனே கொஞ்சம் யோசித்தாள். “அப்போ அந்த வீடு உங்களுது இல்லையா? மாலினி பொய் சொன்னாளா?”

மற்ற இருபத்தேழு முகங்களும் மாலினி பக்கம் திரும்பின. அவள் கம்பளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாலினி சொல்லவில்லை. நான் சொன்னேன். சின்ன வயதில் அவள் என்னிடம் கேட்டாள், இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் அப்பா அந்த வீட்டுப் பெட்டிகளைச் சுமந்தார். நாங்கள் வேறு இடத்தில் இருந்தோம்.”

என் ஜெர்மனில் வழக்கமாக வரும் பிழைகள்கூட அன்று வரவில்லை என்று நினைக்கிறேன். கெல்லர் அம்மையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸபீனே முந்திக்கொண்டாள். “அங்கே எத்தனை ஜன்னல்?”

“ஒன்று.”

அவள் தலையாட்டிவிட்டு, தன் தாளில் ‘தோளில்’ என்பதை அடித்து ‘தலையில்’ என்று எழுதினாள். பிறகு, “நானும் மாட்டிப் பார்க்கலாமா?” என்றாள். லோரென்ஸ் கூடையைத் தொடக்கூடாது என்ற விதியை எல்லாருக்கும் நினைவூட்டிவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார். கேள்வித்தாளின் விடையைத் திருத்தக் கோரி நான் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். விண்ணப்பித்தேன். ‘கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று ஜூலையில் பதில் வந்தது.

மாலினி மட்டும் வரிசையில் நிற்கவில்லை. வாசலில் ஐம்பத்தாறு ஷூக்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. ஜோடி சேர்த்து முடிக்க அரைமணி நேரமானது. பேருந்தில் அவள் என்னோடு உட்காரவில்லை. ஸபீனேயோடும் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து மழையைப் பார்த்தாள்.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. கமலா என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை ஸபீனே வந்து கதவைத் தட்டினாள். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். “சரி, நீங்க இருந்த வீடு இதுல எங்கே?” மாலினி என்னைப் பார்த்தாள். அந்த வாரம் அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. “சொல்லுங்கப்பா,” என்றாள். “இந்தத் தடவை கரெக்டா சொல்லுங்க.”

படத்தில் லயன் இல்லை. சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பங்களாவிலிருந்து நடக்கும் தூரத்தைக் கண்ணால் அளந்து, சட்டத்துக்கு இடது பக்கம் இரண்டு சாண் தள்ளி, சுவரில் ஒட்டிய பூத்தாளில் விரலை வைத்தேன். விளக்கு சுவிட்சுக்குச் சற்று மேலே. மாலினி பென்சிலால் அங்கே ஒரு சின்னச் சதுரம் வரைந்தாள், நடுவில் ஒரு ஜன்னல். கமலா சுவர் பாழாயிற்று என்று கத்தினாள், ஆனால் அழிக்கவில்லை. விருந்தினர் யாராவது ‘உங்கள் வீடா’ என்று கேட்டால் இப்போது மாலினியே எழுந்துபோய்ச் சதுரத்தைக் காட்டுகிறாள்.

ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் பொள்ளாச்சியில் இருக்கும் அண்ணனுக்கு எழுதினேன். அவர் பதில் எழுதினார்: “தம்பி, உனக்கு ஞாபகம் பிசகுது. பங்களாவைப் பார்த்து நின்னா லயன் வலது கைப் பக்கம்.” படத்தின் வலது பக்கத்தில் எங்களுக்குச் சுவர் இல்லை, ஜன்னல் இருக்கிறது, அதற்கு வெளியே டிராம் போகும் தெரு. தோட்ட அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதி வரைபடம் கேட்டேன், பதில் இல்லை. லயன் இடது பக்கமா, வலது பக்கமா என்பது இதை எழுதும் 1978 வரை உறுதியாகவில்லை.